தட்டும் விரல், அமுக்கும் விரல்

1

மடிக்கணினியில் எழுத்துப் பலகைக்குக் கீழே ஒரு சிறு செவ்வகம் இருக்கிறது. அதில் எழுத்து கிடையாது, எண் கிடையாது, எந்த அடையாளமும் கிடையாது. அதன்மேல் விரலை நகர்த்தினால் திரையில் அம்பு நகரும். அம்பு வேண்டிய இடத்தில் வந்து நின்றதும், 'ஆமா, இதுதான்' என்று இயந்திரத்துக்குச் சொல்லியாக வேண்டும். அப்படிச் சொல்ல மனிதர்களிடம் இரண்டு வழக்கங்கள் உள்ளன. ஒன்று, விரல் நுனியால் சத்தமில்லாமல் லேசாக ஒரு தட்டு. இன்னொன்று, பட்டை 'டக்'கென்று உள்ளிறங்கும் வரை அமுக்குவது. விளைவு இரண்டுக்கும் ஒன்றுதான். ஆனால் நம் சமூகம் இரண்டுக்கும் ஒரே மதிப்பெண் போடுவதில்லை. தட்டுகிறவருக்குக் 'கம்ப்யூட்டர் தெரியும்', அமுக்குகிறவருக்குத் 'தெரியாது'.

கூடுவாஞ்சேரியில் ஜி.எஸ்.டி. சாலை ஓரத்திலும் ரயில் நிலையத்தை ஒட்டிய தெருக்களிலும் ஜெராக்ஸ் கடைகள் இருக்கின்றன. ஆன்லைன் விண்ணப்பம், பட்டா, வருமானச் சான்று, தேர்வுக் கட்டணம் எல்லாம் அங்கேதான் நடக்கிறது. அச்சுக்கோப்பு வேலைக்காகப் பல வருஷமாக இந்தக் கடைகளில் உட்கார்ந்திருக்கிறவன் என்ற முறையில் ஒரு காட்சியைத் திரும்பத் திரும்பப் பார்க்கிறேன். கடைத் தம்பி மடிக்கணினியை வந்தவர் பக்கம் திருப்பி, 'அம்மா, பேர் சரியா இருக்கான்னு பாத்துட்டு இங்க ஓக்கே குடுங்க' என்பான். அந்த அம்மா ஆள்காட்டி விரலை நிமிர்த்திப் பட்டையின்மேல் ஊன்றி, நகம் வெளுக்கும் அளவுக்கு அமுக்குவார். அம்பு வேறெங்கோ ஓடிவிடும். 'அய்யோ, அவ்ளோ அமுக்காதீங்கம்மா, தொட்டா போதும்.' சொல்லிக்கொண்டே அவனே தட்டிவிடுவான். அந்த அம்மா கையை முந்தானைக்குள் இழுத்துக்கொள்வார். விண்ணப்பம் போய்விடும். கையை இழுத்துக்கொண்ட அந்த ஒரு நொடியைப் பற்றித்தான் இந்தக் கட்டுரை.

அமுக்கும் விரலுக்கு அறியாமை என்று காரணம் சொல்வது சுலபம். அது விளக்கமாகாது, தீர்ப்புதான் ஆகும். 1934இல் மார்சல் மோஸ் 'உடலின் நுட்பங்கள்' பற்றி நிகழ்த்திய உரை இங்கே உதவும். நடப்பது, நீந்துவது, குந்துவது எல்லாம் இயற்கையானவை என்று நாம் நினைக்கிறோம். அவை ஒவ்வொரு சமூகமும் தன் உடல்களுக்குக் கற்றுத்தந்தவை என்றார் மோஸ். முதல் உலகப் போரில் ஆங்கிலப் படையினருக்கு பிரெஞ்சு மண்வெட்டியைப் பிடிக்க வரவில்லை. டிவிஷனுக்கு 8,000 மண்வெட்டிகளை மாற்ற வேண்டியிருந்தது என்று உதாரணம் காட்டினார். அங்கே யாரும் 'இங்கிலீஷ்காரனுக்கு மண்வெட்டத் தெரியாது' என்று முடிவுகட்டவில்லை. மண்வெட்டியைத்தான் மாற்றினார்கள். நம் கடைகளில் மட்டும் ஏன் விரல் வெட்கப்பட வேண்டியிருக்கிறது?

2

முதலில் அந்தப் பட்டை எப்படிப்பட்ட விரலை எதிர்பார்க்கிறது என்று பார்த்துவிடுவோம். அதன் மேற்பரப்புக்குக் கீழே மெல்லிய மின்கம்பிகள் குறுக்கும் நெடுக்குமாகக் கட்டம்கட்டி ஓடுகின்றன. மனித விரல் தண்ணீரும் உப்பும் கொண்ட ஒரு மின்கடத்தி. அது அருகே வரும்போது கட்டங்களின் மின்தேக்கம் கொஞ்சம் மாறுகிறது. அந்த மாற்றத்தை அளந்து விரல் எங்கே இருக்கிறது என்று இயந்திரம் கணக்கிடுகிறது. இடத்தை அறிய அழுத்தம் தேவையே இல்லை. தோலின் அருகாமை போதும்.

இந்த வகைப் பட்டையை அமெரிக்காவில் ஜார்ஜ் கெர்ஃபைட் 1988இல் உருவாக்கினார். 1994இல் ஆப்பிள் நிறுவனம் தன் பவர்புக் 500 வரிசைக் கணினிகளில் அதைப் பொருத்திய பிறகு மற்றவர்களும் தொடர்ந்தார்கள். ஆரம்பத்தில் பட்டைக்குக் கீழே தனியாகப் பொத்தான்கள் இருந்தன. நகர்த்துவது ஓரிடம், அமுக்குவது வேறோரிடம் என்ற இந்தப் பிரிவினையில் யாருக்கும் குழப்பமில்லை. 2008இல் ஆப்பிள் தனிப் பொத்தானை எடுத்துவிட்டுப் பட்டை முழுவதையுமே பொத்தானாக்கியது. மற்ற நிறுவனங்களும் மெல்ல அந்த வழிக்கு வந்தன. சிக்கல் தொடங்கியது அங்கேதான்.

இப்படிப்பட்ட பட்டைகளில் பல, நீச்சல் குளத்தில் குதிக்கிற பலகை மாதிரி, ஒரு முனை மட்டும் இறங்குகிறவை. மேல்விளிம்பில் கீல் இருக்கும், கீழ்ப்பகுதிதான் அமுங்கும். மேலே விரலை வைத்துக்கொண்டு எவ்வளவு பலமாக அமுக்கினாலும் ஒன்றும் நடக்காது. அமுக்கும்போது விரல் நுனி தட்டையாகி அதன் மையம் நகர்வதால் அம்பும் நகர்ந்துவிடும். சரி, ஒரு கையால் அம்பைப் பிடித்துக்கொண்டு இன்னொரு கை விரலால் அமுக்கலாம் என்று பார்த்தால், இரண்டு விரல் பட்டதும் இயந்திரம் அதை வலது பொத்தான் என்றோ பக்கத்தைத் தள்ளச் சொல்கிறார் என்றோ எடுத்துக்கொள்ளும். உதவிக்கு வந்த கை குற்றவாளி ஆகிவிடும். பெருவிரலை அகலமாக வைத்தால் 'இது உள்ளங்கை' என்று கணக்கிட்டுப் புறக்கணிக்கவும் கூடும். காய்ப்பேறிய, வறண்ட தோலிலிருந்து அதற்குக் கிடைக்கிற சமிக்ஞை பலவீனமானது.

ஆக, இந்தப் பட்டைக்குள் ஒரு 'இயல்பான விரல்' எழுதப்பட்டிருக்கிறது. ஈரப்பதமுள்ள, மென்மையான, தனியாக நிற்கத் தெரிந்த, பட்டதும் விலகிக்கொள்ளும் விரல் அது. சிமெண்ட் கலந்த விரலோ, பாத்திரம் துலக்கிய விரலோ அல்ல. தொழில்நுட்பம் நடுநிலையானது என்று சொல்பவர்கள் இந்த எட்டு சென்டிமீட்டர் செவ்வகத்தைக் கொஞ்சம் உற்றுப் பார்க்கலாம்.

3

நம் ஊரில் விரலுக்கு வேறொரு வரலாறு இருந்தது. அதில் இரண்டு கிளைகள் உண்டு.

முதலாவது மணலில் எழுதிய விரல். திண்ணைப் பள்ளிகளில் பிள்ளைகள் மணலைப் பரப்பி விரலால் எழுதிப் படித்தார்கள். எழும்பூரில் ராணுவ அனாதைச் சிறுவர் விடுதியை நடத்திய ஆண்ட்ரூ பெல் என்ற ஸ்காட்லாந்துப் பாதிரி, தமிழ்ப் பிள்ளைகள் இப்படி மணலில் எழுதுவதைப் பார்த்துத் தன் விடுதியில் புகுத்தினார். 1797இல் அதைப் பற்றி லண்டனில் சிறுநூல் வெளியிட்டார். 'மெட்ராஸ் முறை' என்ற பெயரில் அது பிரிட்டிஷ் பள்ளிகளுக்குப் பரவியது. தட்டையான பரப்பின்மேல் விரலை வழுக்கவிட்டு அறிவைப் பெறுவது என்பது ஏதோ கலிபோர்னியாவிலிருந்து இறங்கிய நாகரிகம் அல்ல. நம் மணலிலிருந்து ஏற்றுமதியானது. ஆனால் பெருமைப்பட்டு நிறுத்திவிட முடியாது. திண்ணையில் உட்கார்ந்து மணலைத் தொடும் உரிமை எந்தச் சாதிப் பிள்ளைகளுக்கு இருந்தது, எந்தச் சாதிக்கு இல்லை, பெண் பிள்ளைகள் எங்கே இருந்தார்கள் என்று கேட்டால் அந்த மணல் உடனே சுருங்கிவிடுகிறது.

இரண்டாவது மையில் அமுக்கப்பட்ட விரல். 1858இல் வங்காளத்தின் ஜங்கிப்பூரில் வில்லியம் ஹெர்ஷல் என்ற அதிகாரி, ஒப்பந்தக்காரர் ராஜ்யதர் கோனாயின் முழுக்கையையும் மையில் தோய்த்து ஒப்பந்தத் தாளில் பதிக்கவைத்தார். 1897இல் கல்கத்தாவில் கைரேகைப் பணியகம் வந்தது. 1911இன் குற்றப் பரம்பரைச் சட்டம், பிறந்த சாதியின் பெயராலேயே மனிதர்களைப் பதிவேட்டுக்குள் கொண்டுவந்து ரேகையை எடுத்துவைத்தது. தென் மாவட்டங்களில் ஜனங்கள் அதை 'ரேகைச் சட்டம்' என்றே சொன்னார்கள். சட்டத்தின் நீளமான பெயரை விட்டுவிட்டு விரலில் என்ன செய்கிறது என்பதையே பெயராக வைத்தார்கள். 1920 ஏப்ரல் 3 அன்று பெருங்காமநல்லூரில் அந்தப் பதிவை மறுத்து நின்ற பிரமலைக் கள்ளர்கள்மீது துப்பாக்கிச் சூடு நடந்தது. மாயக்காள் என்ற பெண் உள்படப் பதினாறு பேர் செத்தார்கள். சென்னை மாகாணத்தில் அந்தச் சட்டம் 1947இல்தான் நீக்கப்பட்டது. விரலைக் கொடுக்க மாட்டேன் என்று சொன்னதற்காக உயிரைக் கொடுத்த வரலாறு இது.

மணலில் எழுதும் விரல் தானே நகரும். ரேகை வைக்கும் விரல் தானே நகராது. பத்திர அலுவலகத்தில் ரேகை வைத்தவர்களைக் கேட்டுப் பாருங்கள்: குமாஸ்தா உங்கள் பெருவிரலைப் பிடித்து, மைத்திண்டில் வைத்து, தாளில் உருட்டி அமுக்குவார். 'கையை லூசா விடுய்யா' என்பார். உங்கள் விரல் அந்த நேரத்தில் உங்களுடையது இல்லை, அது ஒரு முத்திரைக் கட்டை. அழுத்தமாக விழுந்தால்தான் செல்லும். மங்கலாக விழுந்தால் திரும்ப வைக்க வேண்டும். அரசாங்கத்தின் முன்னால் லேசாகத் தொட்டால் பத்தாது, அமுக்க வேண்டும் என்ற பாடம் தலைமுறை தலைமுறையாக இப்படித்தான் சொல்லிக்கொடுக்கப்பட்டது.

4

இவ்விரண்டுக்கும் நடுவே மூன்றாவதாக ஒரு விரல் உருவானது. அது தட்டச்சு நிலையத்து விரல்.

யாழ்ப்பாணத்து இரா. முத்தையா 1930களில் தமிழ்த் தட்டச்சுப் பொறிக்கு விசை அமைப்பு வகுத்தார். 247 எழுத்தைச் சில பத்து விசைகளுக்குள் அடக்கியாக வேண்டும். நகராத விசை என்ற உபாயம் அதற்குக் கைகொடுத்தது. புள்ளியை அடித்தால் வண்டி நகராது; அடுத்து மெய்க்குரிய எழுத்தை அடித்ததும் புள்ளி அதன் தலையில் உட்காரும். தமிழை நாம் எழுதும் வரிசைக்கு நேர் தலைகீழாக விரல் பழகிக்கொண்டது. 'யளனகபக' என்று பக்கம் பக்கமாக அடித்த காலை வகுப்புகளை நம்மில் பலர் மறந்திருக்க முடியாது. முதுகு நேராக, மணிக்கட்டு தொங்காமல், கண் விசையைப் பார்க்காமல். ஃபூக்கோ 1975இல் எழுதிய நூலில், நல்ல கையெழுத்துக்காகப் பள்ளி முழு உடலையும் எப்படி ஒழுங்குக்குள் கொண்டுவந்தது என்று காட்டுவார். நம் தெருவோர மாடி அறைகளில் அதுதான் நடந்தது. ஆனால் ஒரு வித்தியாசம்: அந்த ஒழுங்கு பலருக்கு வேலை வாங்கித் தந்தது. நிமிடத்துக்கு 30 சொல் லோயர், 45 சொல் ஹையர். இந்தச் சான்றிதழ் ஏழைக் குடும்பத்துப் பெண்களுக்கு அரசு அலுவலகத்தின் கதவைத் திறந்தது. ஒழுங்குபடுத்தல் என்றாலே ஒடுக்குதல்தான் என்று சூத்திரம் போட முடியாததற்கு இது ஒரு சாட்சி.

தட்டச்சில் அமுக்கினால் எழுத்து சரியாக விழாது. சுண்டி அடித்து உடனே விரலை எடுக்க வேண்டும். இல்லாவிட்டால் கம்பிகள் ஒன்றோடொன்று பின்னிக்கொள்ளும். பட்டையைத் 'தட்டும்' விரலுக்கு மூதாதை இந்த விரல்தான். 90களில் தாம்பரம் வட்டாரத்தில் டி.டி.பி. நிலையங்கள் முளைத்தபோது பேஜ்மேக்கருக்கு முன்னால் வந்து உட்கார்ந்தவர்களில் நிறையப்பேர் தட்டச்சுத் தேறிய பெண்கள். அன்றைய சிறுபத்திரிகைகளின் பக்கங்கள் அவர்கள் விரலில்தான் உருவாயின. பத்திரிகையில் அவர்கள் பேர் வராது. 1999 பிப்ரவரியில் சென்னையில் நடந்த தமிழ்நெட் மாநாட்டுக்குப் பிறகு அதே ஆண்டு தமிழக அரசு தமிழ் 99 விசைப்பலகையைப் பரிந்துரைத்தது. அதைக் கற்றுக்கொள்வது எளிது. ஆனால் பழகிய விரல் லேசில் இடம் மாறவில்லை. பல வருஷம் பழைய தட்டச்சு அமைப்பிலேயே ஓடியது. உடலுக்குள் போன வரலாறு அரசாணையால் வெளியே வராது.

'பெண்களுக்கு இயல்பிலேயே நளினமான விரல்' என்ற பேச்சும் இதே காலத்தது. தாம்பரத்தில் 1984இல் ஏற்றுமதி மண்டலம் வந்தபோதும், திருப்பெரும்புதூரில் 2006இலிருந்து 2014 வரை நோக்கியா ஆலை ஓடியபோதும், மின்னணு வேலைக்குப் பெண்கள் ஏராளமாக எடுக்கப்பட்டதற்கு இந்தப் பேச்சு ஒரு நியாயமாக நின்றது. டயான் எல்சனும் ரூத் பியர்சனும் 1981லேயே இதை உடைத்துக் காட்டினார்கள்: அந்த நளினம் பிறவிக் குணமல்ல, வீட்டுக்குள் தையலிலும் சின்னச் சின்ன வேலைகளிலும் கூலியில்லாமல் கிடைத்த பயிற்சி. பயிற்சி என்று ஒத்துக்கொண்டால் அதற்குச் சம்பளம் போட வேண்டும். 'இயற்கை' என்றால் போட வேண்டியதில்லை. அமுக்கும் விரலை 'மட்டு' என்பதும், நளின விரலை 'இயற்கை' என்பதும் ஒரே பொய்யின் இரண்டு பக்கங்கள்.

5

பள்ளிக்கூடங்களில் கணினி வந்தபோது அது தொடக்கூடாத பொருளாகத்தான் வந்தது. கணினி அறை வாசலில் செருப்பைக் கழற்றச் சொன்னார்கள். பெட்டிக்குத் துணி உறை போட்டிருந்தது. ஆயுத பூஜைக்குப் பொட்டு வைத்தார்கள். 'யாரும் எதையும் தொடக் கூடாது' என்பது முதல் பாடம். நாலைந்து பேருக்கு ஒரு கணினி. முன்னால் இருக்கிறவன் சுட்டியைப் பிடிப்பான், மற்றவர்கள் அவன் தோளுக்கு மேலே எட்டிப் பார்ப்பார்கள். தூசிக்குப் பயந்த ஏற்பாடு என்று சொல்லலாம், அதுவும் உண்மைதான். ஆனால் செருப்பு, உறை, பொட்டு, தொடாதே என்று வரிசையாகச் சொல்லிப் பாருங்கள். இந்த மொழி எந்த வீட்டிலிருந்து பள்ளிக்கு வந்தது என்று புரிந்துவிடும். தீட்டின் மொழிதான் அது. யாருடைய பாட்டன் கோயில் வாசலில் நிறுத்தப்பட்டாரோ, அவன் பேரன் கணினி அறை வாசலிலும் கொஞ்சம் தயங்கி நின்றான்.

இந்தப் பின்னணியில்தான் 2011ஐப் பார்க்க வேண்டும். அந்த ஆண்டு செப்டம்பர் 15 அன்று, திருவள்ளூர் மாவட்டம் காக்களூரில், முதல்வர் ஜெயலலிதா விலையில்லா மடிக்கணினித் திட்டத்தைத் தொடங்கிவைத்தார். அரசு, அரசு உதவிபெறும் பள்ளி மாணவர்களுக்கு எல்காட் நிறுவனம் மொத்தமாக வாங்கிக் கொடுத்தது. 2020 வரை ஏறத்தாழ அய்ம்பது லட்சம் கணினிகள் இப்படி வீடுகளுக்குள் போயின. மூடியின்மேல் முதல்வர் படம், உள்ளே விண்டோஸும் பாஸ் லினக்ஸும். இலவசம் என்று கிண்டலடித்த நடுத்தர வர்க்கத்துச் சொல்லாடல் ஒன்றைக் கவனிக்கவில்லை. ஓலைக் குடிசைக்கும் தொகுப்பு வீட்டுக்கும் முதன்முதலாக, யாரையும் கேட்காமல் தொடக்கூடிய ஒரு கணினி வந்தது. பல பத்தாண்டுக் கல்விக் கொள்கை விரலுக்குச் செய்யாததை ஒரு தேர்தல் வாக்குறுதி செய்தது.

ஆனால் கூடவே வந்த அந்தப் பட்டையை எப்படிப் பயன்படுத்துவது என்று சொல்லிக்கொடுக்க ஏற்பாடு இல்லை. கூடுவாஞ்சேரிப் பக்கத்தில் எனக்குத் தெரிந்த வீடுகளில் முதலில் நடந்தது என்ன தெரியுமா? இருநூறு முந்நூறு ரூபாய்க்கு ஒரு சுட்டி வாங்கினார்கள். 'பேடு எல்லாம் சரிப்படாது அண்ணா, மவுஸ் இருந்தாத்தான் கை நிக்கும்' என்று ஒரு மாணவி சொன்னது நினைவிருக்கிறது. 'கை நிற்பது' என்பது நல்ல சொல். சுட்டியைக் கைக்குள் பிடிக்கலாம், பொத்தான் இருக்கிறது, அமுக்கினால் சத்தம் கேட்கிறது. பட்டையில் பிடிக்க ஒன்றுமில்லை.

இங்கே ஓர் ஆட்சேபம் வரும். 'இன்று எல்லார் கையிலும் தொடுதிரை போன் இருக்கிறதே? 2016க்குப் பிறகு டேட்டா மலிந்துபோய் ஆயாக்கள்கூட யூடியூப் பார்க்கிறார்களே? அவர்களுக்குத் தட்டத் தெரியாதா?' தெரியும். என் வாதத்தின் மையமே அதுதான். கடையில் பட்டையை நகம் வெளுக்க அமுக்கிய அதே அம்மா, வெளியே வந்து படியில் உட்கார்ந்து தன் போனில் அழகாகத் தட்டி மகளுக்கு வாட்ஸ்அப்பில் குரல் அனுப்புகிறார். ஆக, விரலுக்குத் தெரியாமல் இல்லை. போன் அவருடையது, திரையில் எதைத் தொடுகிறாரோ அதையே தொடுகிறார், தப்பானால் திரும்பச் செய்யலாம். கடைக் கணினி அடுத்தவருடையது. அதில் திறந்திருப்பது அரசாங்கத்தின் பக்கம். தப்பானால் சாதிச் சான்று தள்ளிப்போகும், தேர்வுக் கட்டணம் போய்விடும். சொந்தப் பொருளைத் தட்டுகிறோம். அதிகாரத்தின் பொருளை அமுக்குகிறோம்.

6

நம் பேச்சு இதை எப்போதோ கண்டுகொண்டது. 'கிளிக்'குக்குக் கணித்தமிழ் ஆர்வலர்கள் 'சொடுக்கு' என்ற சொல்லைத் தந்தார்கள். ஒலிக்குப் பொருத்தம்தான். ஆனால் சொடக்குப் போட்டுக் கூப்பிடுவது நம் ஊரில் யாருடைய சைகை? பண்ணையார் ஆளைக் கூப்பிட்ட சைகை. சொடுக்குகிறவன் வாயைத் திறக்க வேண்டியதில்லை, ஏவல் நடந்துவிடும். ஜனங்கள் அந்தச் சொல்லை எடுத்துக்கொள்ளவில்லை. கடையில் யாரும் 'சொடுக்குங்கள்' என்பதில்லை. 'அமுக்கு' என்கிறார்கள், 'குடு' என்கிறார்கள், 'ஒரு தட்டு தட்டு' என்கிறார்கள். 'தட்டு' என்பதில் தட்டிக்கொடுப்பதும் உண்டு, தட்டிக்கழிப்பதும் உண்டு, தட்டிக்கேட்பதும் உண்டு.

'அமுக்கு' என்ற சொல்லுக்குப் பின்னால் இன்னொரு அனுபவம் இருக்கிறது. வாக்குச்சீட்டுக் காலத்தில் ஓட்டைக் 'குத்தினோம்'. 2001 சட்டமன்றத் தேர்தலில் தமிழகம் முழுவதும் மின்னணு இயந்திரம் வந்த பிறகு 'அமுக்கினோம்'. நீலப் பொத்தான் அழுந்த வேண்டும், சிவப்பு விளக்கு எரிய வேண்டும், 'பீப்' சத்தம் நீளமாகக் கேட்க வேண்டும். அப்போதுதான் ஓட்டு விழுந்தது. சாதாரண மனிதரின் விரல் அரசோடு நேருக்கு நேர் பேசும் அபூர்வமான தருணம் அது. அதில் விரலுக்குப் பதில் கிடைக்கிறது. 2019 மக்களவைத் தேர்தலில் எல்லாச் சாவடிகளிலும் ஒப்புகைச் சீட்டு இயந்திரம் வைக்கப்பட்டதன் பொருளும் அதுவே: அமுக்கியவருக்குச் சாட்சி வேண்டும்.

அமுக்குதல் என்பது சாட்சி கேட்பது என்றே நான் புரிந்துகொள்கிறேன். 'நான் சொன்னேன், உனக்குக் கேட்டுதா?' என்ற கேள்வி அந்த அழுத்தத்தில் இருக்கிறது. காலங்காலமாக மனு கொடுத்துப் பதில் வராதவர்கள் அப்படித்தான் கேட்பார்கள். ஒரு தட்டில் காரியம் முடியும் என்று நம்புவதற்கு, உலகம் தனக்குச் செவிசாய்க்கும் என்ற முன்னனுபவம் வேண்டும். அது ஒரு மூலதனம்; எல்லாருக்கும் சமமாகப் பிரித்துக் கொடுக்கப்படவில்லை.

இயந்திரம் செய்பவர்களுக்கு இந்த ஆசை நன்றாகத் தெரியும். 2015இல் ஆப்பிள் கொண்டுவந்த பட்டை அமுங்குவதே இல்லை. விரலின் அழுத்தத்தை அளந்து, உள்ளிருக்கும் மின்காந்தத்தால் ஒரு சிறு அதிர்வைத் தந்து, அமுங்கியதாக விரலை நம்பவைக்கிறது. சாட்சிக்குப் பதில் சாட்சியின் பாவனை. விலை உயர்ந்த கணினி வாங்குபவருக்கே அமுக்கிய திருப்தி தேவைப்படுகிறது என்றால், கூடுவாஞ்சேரி அம்மாவின் விரலை ஏன் கேலி செய்ய வேண்டும்?

7

ரேகையும் முடிந்துபோன கதையல்ல. 2020 அக்டோபரிலிருந்து தமிழக ரேஷன் கடைகளில் விரல் ரேகை இயந்திரம் வந்தது. அங்கே விரல் மறுபடியும் எடுக்கப்படுகிறது. விற்பனையாளர் கிழவியின் விரலைப் பிடித்துக் கண்ணாடியில் அமுக்குகிறார். 'ரேகை விழல பெரியம்மா, துடைச்சிட்டு வை.' பாத்திரமும் சாணியும் செங்கல்லும் தேய்த்துத் தேய்ந்த ரேகை. உழைத்ததற்கான சான்றே அடையாளம் இல்லாததற்கான சான்றாகிவிடுகிற கொடுமை. ஒரே வாரத்தில் ஒரே பெண்ணிடம் ஓர் இயந்திரம் 'அழுத்து' என்கிறது, இன்னொன்று 'அழுத்தாதே' என்கிறது. இரண்டு இடத்திலும் தப்பு செய்பவர் அவர்தான், இயந்திரம் அல்ல.

இதில் பெரிதாக என்ன போய்விட்டது, கடைக்காரத் தம்பி தட்டிக்கொடுத்தால் வேலை முடிகிறதே என்று கேட்கலாம். போவது இதுதான். அந்தத் தம்பியின் விரல் நம் சார்பில் பேசும்போது, நம் ஆதார் எண், வங்கிக் கணக்கு, கடவுச்சொல், போனுக்கு வந்த ரகசிய எண் எல்லாம் அவன் மேசையில் கிடக்கும். ஒவ்வொரு விண்ணப்பத்துக்கும் கூலி. 'விதிமுறைகளை ஏற்கிறேன்' என்ற கட்டத்தை நமக்காக வேறொருவர் தட்டுகிறார். எதை ஏற்றோம் என்று நமக்குத் தெரியாது. அந்தக் காலத்தில் எழுதத் தெரியாதவருக்காகப் பத்திரம் எழுதிக்கொடுத்துக் கைநாட்டு வாங்கியவர்கள் என்னவெல்லாம் எழுதிக்கொண்டார்கள் என்பதற்கு நம் கிராமங்களின் நில வரலாறே சாட்சி. படிக்கத் தெரிந்தவர்களை, பட்டதாரிகளைக்கூட, வெட்கம் என்ற ஒன்றை வைத்துப் புதுக் கைநாட்டுகளாக ஆக்கிக்கொண்டிருக்கிறோம்.

2025 மார்ச் நிதிநிலை அறிக்கையில் தமிழக அரசு, இரண்டு ஆண்டுகளில் 20 லட்சம் கல்லூரி மாணவர்களுக்கு மடிக்கணினியோ கைக்கணினியோ தருவதாக அறிவித்தது. இப்படி வாங்கும்போது செயலியின் வேகம், நினைவகத்தின் அளவு என்றெல்லாம் நிபந்தனை எழுதுகிறார்கள். எந்த விரலுக்கு வாங்குகிறோம் என்பதும் ஒரு நிபந்தனையாக எழுதப்பட வேண்டும். கீழே தனிப் பொத்தான் உள்ள பட்டை ஒன்றும் பழங்காலத்துப் பொருள் அல்ல. தட்டினால் ஏற்பதா, அமுக்கினால் மட்டும் ஏற்பதா என்று மாற்றிக்கொள்ளும் அமைப்பு பெரும்பாலான கணினிகளில் ஏற்கனவே இருக்கிறது. சில கணினிகளில் தட்டு முதலிலேயே திறந்திருக்கும், சிலவற்றில் மூடியிருக்கும். அது இருக்கிற இடத்தைத் தமிழில் ஒரு பக்கத்தில் அச்சிட்டுக் கணினியோடு கொடுக்க எந்தக் கம்பெனியின் தயவும் வேண்டாம். இரவுப் பாடசாலை நடத்துகிற, நூலகத்தில் வகுப்பெடுக்கிற தோழர்கள் இதை நாளைக்கே செய்யலாம்: முதல் ஒரு மணி நேரம் எந்தப் பாடமும் வேண்டாம். கணினியை அவர்கள் பக்கம் திருப்பி வையுங்கள். தப்பாக அமுக்கட்டும், அம்பு ஓடட்டும், தேடிப் பிடிக்கட்டும். உங்கள் கை மட்டும் குறுக்கே போகக் கூடாது.

கடைசியாக ஒன்று. அமுக்கும் விரலைத் தட்டும் விரலாக மாற்றுவதே விடுதலை என்று நான் சொல்ல வரவில்லை. அது நாகரிகப்படுத்தும் பழைய பாதிரி வேலை. தட்டவோ அமுக்கவோ, எதைச் செய்தாலும் விரல் அதன் சொந்தக்காரருடையதாக இருக்க வேண்டும் என்பதுதான் கேள்வி. பெருங்காமநல்லூரில் கொடுக்க மறுத்தது இதே விரலைத்தான். அதை நாம் எந்தக் கடை மேசையிலும் வெட்கப்பட்டு இழுத்துக்கொள்ள வேண்டிய அவசியமில்லை.